புகையிலை போன பிறகு வெற்றிலைப் பெட்டியில் எதை வைப்பது?

கும்பகோணத்திலிருந்து பாபநாசம், ஐயம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையோர ஊர்களில், மதியச் சாப்பாடு முடிந்து திண்ணைக்கு வந்தவர்கள் பேசுகிற முதல் பேச்சு பெரும்பாலும் வெற்றிலையைப் பற்றித்தான். "இன்னிக்கு என்ன, கொழுந்தா முத்தலா?" என்று ஒருவர் கேட்பார். "ராஜகிரி இலை, காலையில கிள்ளினது" என்று இன்னொருவர் பெட்டியைத் திறந்து காட்டுவார். ஆளுக்கு ஒரு சேர்மானம் உண்டு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கு இரண்டு கொழுந்து, ஒரு சிட்டிகை நெய்ச்சீவல், நகக்கண் அளவு சுண்ணாம்பு, அதோடு சரி. தவில் வாசிக்கும் அண்ணன் உறைப்பு கூடின பச்சைக்கொடி இலையைத்தான் தொடுவார், கூடவே ஒரு கிராம்பு. எதிர்வீட்டு அப்பாயிக்குப் பல் இல்லை. கையடக்க இரும்பு உரலில் எல்லாவற்றையும் இடித்து மசித்துத்தான் வாயில் போடுவார். என் சித்தப்பாவுடையது மூன்று தட்டுள்ள பித்தளைச் செல்லம். மேல்தட்டில் இலை, நடுத்தட்டில் சீவலும் சுண்ணாம்பு டப்பியும், அடித்தட்டில் வேதாரண்யம் மணற்பாங்கில் விளைந்த புகையிலை.

அந்த அடித்தட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் பல் டாக்டர். கன்னத்தின் உட்புறம், புகையிலையை அடக்கிக்கொள்ளும் அதே இடத்தில், வெள்ளைத் திட்டு ஒன்று வந்திருந்தது. சுரண்டினால் போகவில்லை. சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் புற்று இல்லை என்று வந்தது. ஆனால் பழக்கத்தை விடாவிட்டால் அந்தப் பக்கம் போகக்கூடியது என்றார். சித்தப்பா மறுபேச்சில்லாமல் சரி என்றார். அதற்கப்புறம்தான் உண்மையான கேள்வி வந்தது. நாற்பது வருஷமாகச் சாப்பாட்டுக்குப் பின் கை தானாகத் திறக்கும் பெட்டியில் இனிமேல் எதை வைப்பது? தெருவே யோசனை சொன்னது. ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்தபின் என் கருத்து இது: புகையிலையோடு பாக்கையும் எடுத்துவிட வேண்டும், நல்ல இலை மட்டும் இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன். மற்ற வழிகளில் நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிலதில் கொஞ்சம் இருக்கிறது, சிலதில் துளியும் இல்லை.

"ஒரேயடியா விட வேண்டாம், குறைச்சுக்கட்டும்" என்பது முதலில் வந்த யோசனை. கேட்க இதமாக இருக்கும். ஆனால் வெற்றிலைச் சேர்மானத்தில் புகையிலை தனியாக இருப்பதில்லை, கூடவே சுண்ணாம்பு இருக்கிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை புகையிலையில் உள்ள நிக்கோட்டினை விடுவித்து, கன்னத்தோல் வழியாகச் சீக்கிரம் ரத்தத்துக்கு ஏற்றிவிடும். அதனால்தான் ஒரு சின்னக் காம்பு அடக்கினாலே "ஏறுகிறது". அளவு பாதியானாலும் பழக்கம் பாதியாவதில்லை. புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும், புற்றுநோய் தரும் நைட்ரோசமைன்கள் என்ற பொருட்கள், திட்டு வந்திருக்கும் அதே இடத்தில் தினமும் ஊறிக்கொண்டிருக்கும். பன்னீர்ப் புகையிலை, வாசனைப் புகையிலை என்று பெயர் மாறினாலும் இது மாறாது. ஆகவே இந்த வழியை முதலிலேயே தள்ளிவிடலாம்.

அடுத்தது, "மெல்லுறதை விட்டுட்டுப் புகைக்கு மாறிக்கட்டும்" என்ற யோசனை. இதற்கு எங்கள் பக்கம் ஒரு சரித்திரம் இருக்கிறது. காவிரி கிளை பிரியும் வாசலில் இருக்கும் திருச்சியின் சுருட்டு 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வரைக்கும் போய்ப் பேர் வாங்கியது. உறையூரில் வீட்டுக்கு வீடு சுருட்டிய காலம் உண்டு. தெருவில் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், வெளிநாட்டிலிருந்து மருமகன் கொண்டுவந்த பைப் ஒன்றை எடுத்து வந்தார். அழகான பொருள்தான். மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்க்கட்டையில் கடைந்தது, பிரையர் என்பார்கள். சூட்டுக்குச் சீக்கிரம் கரியாத கட்டை அது. ஒரு தடவை புகைத்தால் உள்ளே ஈரம் ஊறிவிடும். ஒரு நாளாவது காயவைக்காமல் மறுபடி பற்றவைத்தால் கசக்கும். அதனால் பைப் பிடிப்பவர்கள் நாலைந்து வைத்துக்கொண்டு, இன்றைக்கு எந்தப் பைப், எந்தப் புகையிலை என்று காலையில் தேர்ந்தெடுப்பார்களாம். திண்ணையில் கொழுந்தா முத்தலா என்று கேட்கிற அதே அக்கறைதான் அது. கேட்டதும் அவர்கள் மேல் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்தது உண்மை.

ஆனால் சித்தப்பாவுக்கு இது உதவாது. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. நுரையீரலுக்கு இழுக்காமல் வாயிலேயே வைத்திருந்தாலும் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாக ஏறிவிடும். பைப் பிடிப்பவரும் புகையைப் பெரும்பாலும் வாயில்தான் வைத்திருப்பார். சுருட்டும் பைப்பும் உதடு, நாக்கு, வாய், தொண்டைப் புற்றோடு சேர்த்துச் சொல்லப்படுபவைதான். திட்டு வந்திருக்கும் வாய்க்கே மறுபடி சூட்டையும் தாரையும் அனுப்புவதில் என்ன லாபம்? ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அடிக்கிற ஈரக்காற்றுக்குப் பைப் காயவே காயாது என்பதும் இருக்கிறது. அது சின்ன விஷயம்.

பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் வாசனைப் பாக்குப் பொட்டலங்களைப் பற்றி நீட்டிப் பேச எதுவும் இல்லை. இலையே இல்லாத உலர்ந்த பாக்கு அது. புகையிலை இல்லை என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்து நல்லது என்று எடுத்துக்கொள்கிறார்கள். வெற்றிலையோடு போடும்போது இலைதான் வாயை நிறைக்கும், பாக்கு கொஞ்சம்தான் போகும். பொட்டலத்தில் பாக்கு மட்டும்தான். பையிலேயே இருப்பதால் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கத் தோன்றும். தமிழ்நாட்டில் குட்காவும் புகையிலை கலந்த பான் மசாலாவும் 2013-லிருந்து தடையில் இருக்கின்றன. அதற்கு அக்கம்பக்கத்தில் வளர்ந்ததுதான் இந்தப் பொட்டல வகை. பள்ளிப் பிள்ளைகள் வாங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

பீடா கொஞ்சம் பரவாயில்லையா என்றால், உள்ளே என்ன வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் தடித்த கல்கத்தா இலை, குல்கந்து, தேங்காய்ப்பூ, சோம்பு, சிவப்புச் சாயம் ஏறிய பழத்துண்டுகள், சில கடைகளில் காசுக்கட்டியும் பாக்கும். பாக்கில்லாமல் கட்டச் சொன்னால் கட்டித் தருவார்கள். ஆனால் சர்க்கரை எக்கச்சக்கம். சித்தப்பா நீரிழிவுக்காரர். கல்யாணம், கார்த்திகை என்று எப்போதாவது ஒன்று போட்டுக்கொள்ளலாம், தினப்படிக்கு ஆகாது.

இனிதான் உண்மையான விவாதம். "புகையிலையை மட்டும் எடுத்துட்டு, வெத்திலை சீவல் சுண்ணாம்பு அப்படியே இருக்கட்டும். நம்ம தாத்தா பாட்டியெல்லாம் போட்டதுதானே?" தெருவில் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் சொன்னார்கள். சித்தப்பாவின் ஆசையும் இதுதான். சீவல் என்றால் கும்பகோணம் என்று பேர் வாங்கிய ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு சீவலை விடச் சொல்வது எனக்கும் எளிதாக இல்லை. பாக்கைத் தாள் போல மெல்லிசாகச் சீவி, பதமாக வறுத்து, வாயில் போட்டதும் நொறுங்கும்படி செய்கிற கைவேலை அது. கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியால் வெட்டிக் கடக்கு மடக்கென்று மெல்லுவதற்கும், வேகவைத்துக் காயவைத்த களிப்பாக்கின் துவர்ப்புக்கும், சீவலுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே சின்னப் பையன்கூடச் சொல்வான். மூன்றில் எது தேவலை என்று சித்தப்பா கேட்டார். பல்லுக்குச் சீவல் தேவலை. கொட்டைப்பாக்கு பல்லைத் தேய்த்துப் பிளந்துவிடும். வாய்த்தோலுக்கு மூன்றுமே ஒன்றுதான்.

ஏனென்றால் கெடுதல் பாக்குக்குள்ளேயே இருக்கிறது. அரிக்கோலின் என்ற பொருள்தான் முதல் தடவை பாக்குப் போட்டவருக்குத் தலை சுற்றி வியர்க்க வைப்பது, பழகியவரைத் திரும்பத் திரும்பத் தேட வைப்பதும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலைச் சேர்மானம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 1985-லேயே சொன்னது. 2004-ல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத சேர்மானத்தையும் தனிப் பாக்கையும் அதே முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகையிலையை எடுத்தால் ஆபத்து குறையும், சந்தேகமில்லை. ஆனால் பாக்கு இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும்.

இன்னொன்று, பாக்கால் வரும் வாய் இறுக்கம். கன்னத்தின் உட்தோல் நார் நாராகக் கெட்டிப்பட்டு, காரமான குழம்பு பட்டால் எரிந்து, போகப் போக வாய் திறப்பதே குறைந்துவிடும். பாக்கை நிறுத்தினாலும் இறுகிய தோல் பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நெட்டுக்குத்தாக வைத்தால் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் அன்றைக்கே பல் டாக்டரிடம் போங்கள். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டு இருந்தாலும் அப்படியே. சித்தப்பாவுக்கு மூன்று விரலும் நுழைந்தன. நிம்மதியாக இருந்தது.

புகையிலையை விட முடியாமல் தவிக்கிற ஒருவர், சீவல் இருந்தால் விட்டுவிடுவேன் என்றால் என்ன சொல்வது? சில வாரத்துக்கு மட்டும், சாப்பாட்டுக்குப் பின் மட்டும், வாயில் அடக்கி வைத்துத் தூங்காமல், நிறுத்தும் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு போடட்டும் என்பேன். அதுவும் வாயில் திட்டு இல்லாதவருக்கு. திட்டு இருப்பவருக்கு அந்தச் சலுகையும் கிடையாது.

சரி, இலைக்கு வருவோம். அதே புற்றுநோய் ஆய்வு முகமை, தனி வெற்றிலையின் மேல் இந்தக் குற்றத்தைச் சுமத்தவில்லை. மிளகுக் குடும்பத்துக் கொடி அது. கிராம்பில் இருக்கும் யூஜினால் இதிலும் இருப்பதால்தான் இரண்டும் வாயில் ஒத்துப்போகின்றன. நாம் வெற்றிலை மணம் என்று தேடுவதில் பெரும்பங்கு இலையுடையதுதான். சிவப்பு மட்டும் அதனுடையது இல்லை. அது பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து தருவது. பாக்கை எடுத்தால் வாய் சிவக்காது. இதைச் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொன்னேன். சொல்லாவிட்டால் முதல் நாளே கண்ணாடியைப் பார்த்துவிட்டு "இது வெத்திலையே இல்லடா" என்று செல்லத்தை மூடிவிடுவார்.

பாக்கு இல்லாதபோது இலைத் தேர்வு முன்பைவிட முக்கியமாகிவிடுகிறது. பாக்கின் துவர்ப்பும் புகையிலையின் காட்டமும் சுமாரான இலையை மறைத்துவிடும். தனி இலையில் எதுவும் மறையாது. பச்சைக்கொடியின் கரும்பச்சை இலை உறைப்பானது. தவில் அண்ணனுக்குப் பிடித்தாலும், புண்பட்ட கன்னத்துக்கு எரியும். கற்பூரக்கொடி மெல்லிசு, வாசனை முன்னால் வந்து நிற்கும், உறைப்பு குறைவு. வெள்ளைக்கொடி வெளிர் பச்சை, சாதுவானது, ஆனால் மணம் அவ்வளவு போதாது. திருச்சி மாவட்டம் சிறுகமணி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ரகங்களும் கொடிக்கால்களில், அதாவது வெற்றிலைத் தோட்டங்களில், உண்டு. 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலைக்கு அதன் நடுத்தர உறைப்பும், வாயில் சக்கை தங்காமல் கரைகிற மென்மையும்தான் பெருமை. சோழவந்தானுக்கும் தூத்துக்குடி மாவட்டத்து ஆத்தூருக்கும் 2023-லேயே குறியீடு கிடைத்துவிட்டது. அந்த இலைகளின் உறைப்பு அங்கத்திக்காரர்களுக்கு உயிர். எனக்குத் தனி இலையாக மெல்ல நம்ம பக்கத்து இலைதான் ஒத்துவருகிறது. ஆற்று வண்டலில், அகத்தி நிழலில் வளர்ந்த இலைக்கு இருக்கிற பதம் வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே சித்தப்பாவுக்கு நான் தேர்ந்தெடுத்தது காலையில் ஒரு கற்பூர இலை, இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டிரண்டு கும்பகோணம் கொழுந்து. முற்றலைத் தொட வேண்டாம். முற்றலை மட்டுப்படுத்தத்தான் பாக்கும் சுண்ணாம்பும் தேவைப்படும். சுண்ணாம்பு அவருக்கு அறவே வேண்டாம். பாக்கு இல்லாத இடத்தில் அதற்கு வேலையும் இல்லை, கூடினால் வாய் வெந்துவிடும். திட்டு ஆறும்வரை கிராம்பும் வேண்டாம் என்றேன்.

ஆனால் வெறும் இலை பல்லுக்குப் போதாது. பாக்கை விட்டவர்கள் முதலில் தேடுவது ருசியைவிடக் கடியைத்தான். நறுக்கென்று ஏதாவது கடிபட வேண்டும். கொப்பரைத் தேங்காயைச் சீவல் மாதிரி மெல்லிசாகச் சீவி வெறும் சட்டியில் லேசாக வறுத்து வைத்தோம். வறுத்த சோம்பு, உமி நீக்கி வறுத்த தனியா, தட்டிய ஏலக்காய், வெள்ளரி விதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கொப்பரையும் தனியாவும் நின்றுவிட்டன. அதிமதுரம் இனிப்பாக இருக்கிறதே என்று கேட்டார். ரத்தக்கொதிப்பு இருப்பவர் தினமும் அதிமதுரம் மெல்லக் கூடாது, கொதிப்பை ஏற்றும். கல்கண்டு நீரிழிவால் ஆகாது. மற்றவர்கள் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாம்.

இலையை வைக்கிற விதமும் இதில் சேரும். ஒரு கவுளி நூறு இலை, ஒரு ஆளுக்கு அது அதிகம். அரைக் கவுளி வாங்கி, இரண்டு பக்கமும் நன்றாகக் கழுவி, நீரை உதறி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். கொடிக்காலில் மருந்து அடிப்பதுண்டு, கழுவாமல் போடவே கூடாது. சித்திரை, வைகாசியில் துணி காய்ந்துகொண்டே இருக்கும், மறுபடி நனைக்க வேண்டும். மழைக்காலத்தில் நேர்மாறு. இலைமேல் நீர் தங்கினால் ஒரே நாளில் அழுகி அடுத்த இலைக்கும் தொற்றும். அப்போது காய்ந்த துணியில் சுற்றி, மேலே வாழைச்சருகு வைத்தால் போதும்.

இலை மட்டும் எல்லோருக்கும் போதுமா? போதாது. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை புகையிலை அடக்கியவருக்கு வெற்றிலை மணம் கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கும், ரத்தம் கேட்கிற நிக்கோட்டினைக் கொடுக்காது. முதல் சில நாட்கள்தான் கடுமை. எரிச்சல், தூக்கமின்மை, கவனம் நிலைக்காமை எல்லாம் வரும், சில வாரத்தில் தணியும். அந்த நாட்களுக்கு டாக்டர் சொன்னது நிக்கோட்டின் கம். அதை மெல்லும் முறை நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. மெதுவாக நாலு கடி, நாக்கில் சுள்ளென்றதும் கன்னத்தில் அடக்கிக்கொள்ள வேண்டும், சுள்ளென்பது போனதும் மறுபடி கடி. அரை மணி நேரம் வரும். திட்டு இல்லாத பக்கத்துக் கன்னத்தில் அடக்கச் சொன்னார். சிக்கல் காபியில் வந்தது. காபியின் புளிப்புத்தன்மை வாயில் இருந்தால் கம்மிலிருந்து நிக்கோட்டின் சரியாக ஏறாது, குடித்துக் கால் மணி நேரமாவது போக வேண்டும். டிகிரி காபி டம்ளரைக் கீழே வைத்த கையோடு செல்லத்தைத் திறக்கும் ஊரில் அந்தக் கால் மணி நேரம் பெரிய சோதனை. அந்த இடைவெளிக்குத்தான் காலைக் கற்பூர இலையை வைத்தேன். காபி, இலை, அப்புறம் கம். இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கம் தொடக் கூடாது. டாக்டரிடம் போகத் தயங்குபவர்கள் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356-ஐ இலவசமாகக் கூப்பிடலாம்.

மிச்சம் இருப்பது கல்யாண வீடு. தாம்பூலத் தட்டில் பாக்கு இல்லாமல் முடியுமா என்று சித்தி கவலைப்பட்டார். தட்டில் தாராளமாக இருக்கட்டும். நிச்சயத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுவது வாக்குக் கொடுப்பது. மாற்றிய பாக்கை மென்றுதான் ஆக வேண்டும் என்று எந்தச் சம்பந்தியும் கேட்பதில்லை. சங்கடம் பந்தி முடிந்து கை கழுவி வரும்போதுதான். வாசலில் ஒருவர் தட்டை நீட்டிக்கொண்டு, "மாமா, போட்டுக்குங்க" என்று நிற்பார். இலையை எடுத்துக்கொண்டு, சட்டைப் பையில் கொண்டுபோன கொப்பரைச் சீவலை வைத்து மடித்துக்கொள்ளலாம், யாரும் கவனிக்கப் போவதில்லை. பக்கத்தில் நிற்கும் பழைய கூட்டாளி செல்லத்தைத் திறந்து அடித்தட்டை நீட்டினால் மட்டும், "டாக்டர் வேண்டாம்ணுட்டார்" என்று வாய்விட்டே சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். சும்மா தலையாட்டினால் இன்னும் இரண்டு தடவை நீட்டுவார்கள்.